கூரை ஒரு மில்லிமீட்டர் குறைவு

பழைய கார்களின் பிளாஸ்டிக் மாடல்களை ஒட்டுவது ஒரு காலத்தில் அமெரிக்கச் சிறுவர்களின் பொழுதுபோக்கு. அந்த மாடல்களில் உள்ள தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்துவது இப்போது அந்தச் சிறுவர்கள் தாத்தாக்களான பிறகு வந்திருக்கும் பிடிவாதம்.

டெட்ராய்ட்டின் கிரைஸ்லர் நிறுவனம் 1960களின் நடுவில் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. தான் பெருமையாகச் செய்த கார்களைத் தானே அழித்தது. சாதாரணக் கார்கள் அல்ல. பிஸ்டன் இல்லாமல், ஜெட் விமானத்தைப் போல டர்பைன் எஞ்சினில் ஓடியவை. மொத்தமே 55 கார்கள்தான். உடலை இத்தாலியின் டூரின் நகரில் கியா பட்டறை செய்து அனுப்ப, எஞ்சினை டெட்ராய்ட்டில் பொருத்தினார்கள். வெண்கல நிறம், கருப்புக் கூரை. 1963 முதல் 1966 வரை 203 சாதாரண அமெரிக்கர்களுக்கு, ஆளுக்கு மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். டீசல், மண்ணெண்ணெய் எது ஊற்றினாலும் ஓடும். மெக்சிகோவில் அந்நாட்டு அதிபர் முன்னிலையில் டெக்கிலா என்ற சாராயத்தை ஊற்றி ஓட்டிக்காட்டிய கதை இன்றும் உலவுகிறது. சோதனை முடிந்ததும் 46 கார்கள் அழிக்கப்பட்டன. மிஞ்சியவை 9. பெரும்பாலும் அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஒன்று தொலைக்காட்சி நட்சத்திரம் ஜே லெனோவின் கராஜில் இருக்கிறது.

அந்தக் கார் இன்னொரு இடத்திலும் பிழைத்திருக்கிறது. அட்டைப் பெட்டிகளுக்குள். அதே டெட்ராய்ட்டில் இருந்த ஜோ-ஹான் என்ற சின்ன நிறுவனம் டர்பைன் காரை 25-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டது. எஞ்சின் உட்பட எல்லாம் உண்டு. ஒரு ஜாண் நீளம்கூட இல்லாத அந்த மாடல், அசலுக்கு மிக நெருக்கமானவற்றில் ஒன்று என்று இன்றும் பெயர் எடுத்திருக்கிறது. காரைச் செய்தவர்கள் நசுக்கிவிட, பொம்மை செய்தவர்கள் வடிவத்தைக் காப்பாற்றினார்கள்.

எல்லா மாடலும் இப்படி அமைந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. ஆனால் கடை அலமாரியில் அடுக்கியிருக்கும் கிளாசிக் கார் கிட்களில் பலவும், பெட்டி மேல் போட்ட படத்தில் இருக்கும் காரை ஏறக்குறைய ஒத்திருக்கும் ஏதோ ஒரு காரைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. கூரை சற்றுத் தட்டையாக இருக்கும். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு வட்டமாக இருக்க வேண்டிய இடத்தில் நீள்வட்டமாக இருக்கும். முன்கண்ணாடி சாய வேண்டிய அளவுக்குச் சாய்ந்திருக்காது. பெரும்பாலானவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். கவனிப்பவர்களுக்கோ அன்று இரவு தூக்கம் கிடையாது.

இது நமக்குப் புரியாத சங்கதி அல்ல. அம்பாசடர் மார்க் 2-வின் முன்கிரில்லை மார்க் 3-ல் மாட்டி, டாக்சி ஸ்டாண்டில் நிறுத்தினால் பழைய டிரைவர்கள் எத்தனை விநாடியில் சிரிப்பார்கள்? 1957 செவர்லே பெல் ஏர் அமெரிக்கர்களுக்கு அப்படி. அப்பா ஓட்டிய கார், பக்கத்து வீட்டுக்காரர் கழுவிய கார், முதல் காதலியை ஏற்றிக்கொண்டு போன கார். அதன் பின்பக்கச் செதிலில் பட்டை அலுமினியத் தகடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவர்கள் கைரேகை மாதிரி.

இந்தத் தொழில் தொடங்கியதே விற்பனைத் தந்திரமாகத்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு டெட்ராய்ட் கார் கம்பெனிகள், புது மாடல் வரும்போது டீலர்களிடம் கொடுக்கக் குட்டிக் கார்களைக் கேட்டன. அப்பா விலை பேசும்போது பையனின் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது. 1948-ல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம் முதலில் அலுமினியத்தில் வார்த்தது. அதன் முழுப்பெயரே 'அலுமினியம் மாடல் டாய்ஸ்'தான். சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறியது. கம்பெனியின் அசல் வண்ணத்திலேயே வந்த இந்த விளம்பர மாடல்களை இன்றும் 'புரோமோ' என்கிறார்கள். ஆரம்ப காலப் புரோமோக்கள் அசிடேட் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவை. வருடங்கள் ஆக ஆக அவை வளைந்து நெளிந்துபோயின. அலமாரியில் தொடாமல் வைத்திருந்த கார்கூட நடுவில் தொய்ந்து, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி போல ஆகியிருக்கும்.

1958-ல் ஏ.எம்.டி. அதே அச்சுகளை வைத்து இன்னொரு கடை விரித்தது. உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் போட்டு, பையன்களே ஒட்டிக்கொள்ளட்டும் என்றது. ஒரே பெட்டியில் மூன்று கார் என்று விளம்பரம்: அசல் காராகச் செய்யலாம், அலங்காரக் காராக மாற்றலாம், பந்தயக் காராகவும் ஆக்கலாம். விலை இரண்டு டாலருக்குள். 60களின் அமெரிக்காவில் பையன்களின் அறையில் பசை நாற்றம் வீசாத வீடு அபூர்வம் என்றே சொல்லலாம். மோனோகிராம், ரெவெல், எம்.பி.சி. என்று போட்டியாளர்கள் குவிந்தார்கள்.

பின்னால் வந்த தலைவலிகளின் விதை இங்கேதான் விழுந்தது. டெட்ராய்ட் அன்று வருடத்துக்கு ஒரு முறை காரின் முகத்தை மாற்றிக்கொண்டிருந்தது. மாடல் கம்பெனியும் கூடவே ஓட வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதிதாக அச்சு செய்தால் கட்டுப்படியாகுமா? பழைய அச்சையே வெட்டி, செதுக்கி, அடுத்த வருட மாடலாக மாற்றினார்கள். 61-ம் வருட மாடல் வந்த நாளில் 60-ம் வருட மாடல் உலகத்திலிருந்தே மறைந்துபோனது. திரும்ப வார்க்க வழியில்லை. இன்னும் மோசம், சில அச்சுகள் பிறகு பந்தயக் கார் கிட்களாக மாற்றப்பட்டன. பந்தயக் காருக்குக் குரோம் பட்டை எதற்கு, பெயர் எழுத்து எதற்கு என்று அவற்றை அச்சிலிருந்தே அழித்தார்கள். அந்தக் கார்களை அசலாக ஒட்ட நினைப்பவர் இன்று அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தானே செய்து ஒட்ட வேண்டும்.

சரி, வடிவமே ஏன் தவறாகிறது? கார் கம்பெனியே வரைபடம் கொடுத்த காலத்தில் தவறு வர வழி குறைவு. ஆனால் 1932 ஃபோர்டை 60களிலும், 1957 செவர்லேயை 90களிலும் புதிதாகச் செய்யும்போது வரைபடம் எங்கே கிடைக்கும்? யாரோ ஒரு ரசிகர் பளபளவென்று புதுப்பித்து வைத்திருக்கும் காரைப் போய் அளப்பார்கள். அந்தக் காருக்கு ஏற்கனவே வேறு வருடத்து பம்பர் மாட்டியிருந்தால், மாடலுக்கும் அதே பம்பர்தான். அளவெடுத்ததை வைத்து, கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில், மரத்தில் பெரிய மாதிரி செதுக்குவார்கள். பெரும்பாலும் 10-ல் ஒரு பங்கு. பேண்டோகிராஃப் என்ற கருவியின் ஒரு முனை மரத்தைத் தடவ, மறுமுனை அதையே இரண்டரை மடங்கு சிறிதாக்கி எஃகில் வெட்டும். மரத்தைச் செதுக்கும் ஆசாரியின் கண் எங்கே ஏமாறுகிறதோ அங்கே ஆயிரக்கணக்கான கார்களும் ஏமாறும்.

ஆசாரி வேண்டுமென்றே மாற்றுவதும் உண்டு. அசல் காரை நாம் தரையில் நின்று, பக்கவாட்டில் பார்க்கிறோம். மேசை மேல் உள்ள மாடலை மேலிருந்து, ஹெலிகாப்டரில் போகிறவன் மாதிரி பார்க்கிறோம். அளவு பிசகாமல் குறைத்தாலும் கண்ணுக்கு வேறாகத் தெரிகிறது. எனவே கொஞ்சம் தாழ்த்து, கொஞ்சம் அகட்டு என்று ஒரு கைப்பக்குவம். இது கலையா, பொய்யா என்ற சண்டை மாடல்காரர்களிடையே அரை நூற்றாண்டாக முடியவில்லை.

ஜப்பானியர்களின் பிழைக்கு வேறு காரணம். 60, 70களில் அங்கே பல கிட்கள் உள்ளே மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓடவேண்டும் என்று செய்யப்பட்டன. பேட்டரி சுருங்காது. கார்தான் அகல வேண்டும். பானெட்டுக்குக் கீழே எஞ்சின் இருக்காது. அடிப்பக்கம் தட்டையாக இருக்கும்.

எஃகு அச்சுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு அச்சுக்கு லட்சக்கணக்கான டாலர் செலவாகும். தவறு தெரிந்த பிறகு அச்சில் எஃகைச் செதுக்கி எடுப்பது சுலபம். செதுக்கிய இடத்தில் எஃகைச் சேர்ப்பது கஷ்டம். அச்சில் செதுக்கினால் மாடலில் பிளாஸ்டிக் கூடும். ஆகவே மாடலில் சதை குறைவாக இருந்தால் கம்பெனி திருத்தக்கூடும். சதை அதிகமாக இருந்தால், அந்தத் தவறு அநேகமாக அச்சின் ஆயுள் வரைக்கும் கூடவே வரும். நல்ல எஃகு அச்சு 50 ஆண்டுகள் தாண்டியும் உழைக்கிறது.

கம்பெனிகள் காது கொடுத்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரெவெல் 2013-ல் வெளியிட்ட 1970 பிளைமவுத் குடா கிட், வெளிவரும் முன்பே சோதனை வார்ப்பில் உடல் சரியில்லை என்று ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. கம்பெனி வெளியீட்டைத் தள்ளிப்போட்டு அச்சைத் திருத்தியது. திருத்திய பிறகும் எல்லோருக்கும் திருப்தி வந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

துல்லியத்துக்காக அதிகம் பேசப்படும் கதை ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துடையது. டாமியா நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா 70களில் போர்ஷே 934 காரை 12-ல் ஒரு பங்கு அளவில் செய்ய நினைத்தார். படங்களும் அளவுகளும் போதவில்லை. நேராக ஒரு அசல் போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, திருகு திருகாகக் கழற்றிப் பார்த்துவிட்டார். 1976-ல் கிட் வந்தது. செலவழித்த பணம் வர வேண்டுமே? அதே உடலுக்குள் ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் மோட்டாரை வைத்து இன்னொரு பெட்டியாக விற்றார்கள். டாமியாவின் பிரபலமான ரேடியோ கார் வியாபாரம் அப்படித்தான் பிறந்தது. ஷுன்சாகு டாமியா 2025-ல் 90 வயதில் காலமானார்.

எல்லோராலும் போர்ஷே வாங்கிக் கழற்ற முடியாது. வீட்டு மேசையில் உட்காரும் மாடல்காரரின் முதலீடு ஒரு அரம், ஒரு மெல்லிய ரம்பம், உப்புத்தாள், பழைய புகைப்படங்கள். முதல் வேலை அளப்பது. 1957 செவர்லேயின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 115 அங்குலம், அதாவது 2,921 மில்லிமீட்டர். 25-ஆல் வகுத்தால் 116.8. மாடலில் அது இருக்கிறதா? 24-ல் ஒரு பங்கு என்று போட்ட கிட்டாக இருந்தால் கணக்கு மாறும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் 2,400 மில்லிமீட்டர் 24-ல் சரியாக 100 ஆகிறது, 25-ல் 96. இரண்டு பீட்டில்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றின் தம்பி மாதிரி இருக்கும்.

அடுத்தது புகைப்படம். இங்கேதான் அவசரக்காரர்கள் கவிழ்கிறார்கள். பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் காரின் மூக்கு வீங்கித் தெரியும். அதை நம்பி மாடலின் மூக்கில் பட்டி போட்டால் அசிங்கம். விவரமானவர்கள் மாடலையும் அதே விகிதத் தூரத்திலிருந்து படம் எடுக்கிறார்கள். அசல் கார் 10 மீட்டர் தூரத்தில் எடுக்கப்பட்டிருந்தால் மாடலுக்கு 40 சென்டிமீட்டர். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் குற்றவாளி சிக்கிவிடும்.

பல சமயம் சிக்குவது எதிர்பார்த்த ஆள் இல்லை. கூரை தாழ்வு என்று முடிவு கட்டியிருப்பார்கள். அளந்து பார்த்தால் கூரை சரி, டயர் பெரிசு. அல்லது கார் தரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அதிக உயரத்தில் நின்றுகொண்டிருக்கும். அச்சாணியின் துளையை மேலே நகர்த்தினால் ஒரு மணி நேரத்தில் கார் அதன் சொந்த முகத்துக்கு வந்துவிடும். அனுபவஸ்தர்கள் முதலில் சக்கரத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகுதான் ரம்பத்தைத் தொடுகிறார்கள். நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் நல்ல டிங்கரிங் மேஸ்திரியும் சுத்தியலை எடுப்பதற்கு முன் நாலு சுற்று சுற்றி வந்து பார்ப்பார்.

ஆனால் கூரையே நிஜமாகத் தாழ்வாக இருந்தால்? ஒரு மில்லிமீட்டர் என்பது அசல் காரில் 25 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு அங்குலம். ஒரு அங்குலம் தாழ்ந்த கூரையில் கார் முறைப்பது போல் தெரியும். அதை உயர்த்த நான்கு தூண்களையும் அறுக்க வேண்டும். அறுத்து, இடையில் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டை வைத்து ஒட்டினால் முடிந்தது என்று தோன்றும். முடியாது. முன்கண்ணாடித் தூண் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, பின்தூண் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. மேலே போகப் போக இரண்டும் நெருங்குகின்றன. கூரையை நேராக மேலே தூக்கினால் வெட்டிய முனைகள் ஒன்றோடொன்று சேராது. ஒன்று, கூரையையே நடுவில் வெட்டிச் சிறிது குட்டையாக்க வேண்டும். இல்லை, தூண்களின் சாய்வை மாற்ற வேண்டும். அதைச் சமாளித்தாலும் கிட்டில் வந்த கண்ணாடி பொருந்தாது. கண்ணாடியைத் தனியாகச் செய்ய வேண்டும். கண்ணாடி மாறினால் அதைச் சுற்றியுள்ள குரோம் பட்டையும் போகும். ஒரு மில்லிமீட்டர் என்று தொடங்கியது மூன்று மாதம் எடுக்கும்.

இந்த வேலையில் பிளாஸ்டிக் ஒரு நல்ல நண்பன். பாலிஸ்டைரீனுக்கான திரவப் பசை ஒட்டுவதில்லை, உருக்குகிறது. இரண்டு துண்டுகளின் விளிம்பும் கரைந்து ஒன்றாகிறது. வெல்டிங் மாதிரி. காய்ந்த பிறகு அரத்தால் ராவினால் இணைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. பட்டிதான் நம்பத்தகாதது. கெட்டியாகப் போட்டால் காயும்போது சுருங்கும். இன்று சமமாக இருக்கும் பரப்பு, பெயின்ட் அடித்து ஆறு மாதம் கழித்துப் பள்ளம் காட்டும். அதனால் பெரிய குழிகளுக்குப் பிளாஸ்டிக் துண்டையே வைத்து, மேல்பூச்சுக்கு மட்டும் பட்டி பார்க்கிறார்கள்.

தேய்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல துண்டு அச்சு சேரும் இடத்தில் மாடலின் மட்கார்டு ஓரமாக மெல்லிய கோடு ஓடும். அது அச்சுத் தழும்பு, சுரண்டி எடுக்க வேண்டும். ஆனால் அதே இடத்துக்கு அருகில் அசல் காரிலேயே ஒரு மடிப்பு இருக்கக்கூடும். எது தழும்பு, எது மடிப்பு என்று தெரியாதவர் டிசைனரின் கோட்டையும் சேர்த்து அழித்துவிடுவார். கதவுகள் திறக்கும்படி வந்த கிட்கள் இன்னொரு வேதனை. அசல் காரின் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம். மாடலில் அது 0.04 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் அது நடக்காது. எனவே மாடலின் கதவைத் திறந்தால் பேங்க் லாக்கர் கதவு மாதிரி இருக்கிறது. உள்பக்கமிருந்து ஓரங்களைச் சீவி, மெல்லியது போலக் காட்டுவதுதான் ஒரே வழி.

குரோம் இன்னும் நுணுக்கம். கிட்டில் வரும் குரோம் பாகங்கள் கண்ணைப் பறிக்கும். அசல் பம்பர் அவ்வளவு மின்னாது. கதவோரப் பட்டைகளுக்கு, அடியில் ஒட்டும் தன்மையுள்ள மிக மெல்லிய அலுமினியத் தாளை வைத்துத் தேய்த்து, புத்தம்புது பிளேடால் ஓரத்தை வெட்டுகிறார்கள். பிளேடு சற்று மழுங்கினாலும் தாள் கிழியும். காரின் பெயர் எழுத்துகளுக்கு ஒரு தந்திரம்: பெயின்ட் அடிப்பதற்கு முன்பே எழுத்தின் மேல் தாளை ஒட்டிவிடுவது. மேலே பெயின்ட் அடித்து, காய்ந்ததும் தின்னரில் தோய்த்த துணியால் எழுத்தின் மேல்பாகத்தை மட்டும் லேசாகத் துடைத்தால் பூச்சு நீங்கி வெள்ளி எழுத்து எட்டிப் பார்க்கும். இரண்டு தடவை அதிகம் துடைத்தால் எல்லாம் போச்சு. சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த கார்மேல் வெள்ளை பெயின்ட் அடித்தவர்களுக்கு வேறு பாடம் கிடைக்கும்: சாயம் மேலே ஊறி, கார் சில நாளில் இளஞ்சிவப்பாகிவிடும்.

இப்படி ஒவ்வொன்றையும் நோண்டுகிறவர்களுக்கு அந்த வட்டாரத்தில் 'ரிவெட் எண்ணுகிறவர்கள்' என்று பெயர். பாராட்டு இல்லை, கிண்டல். பெட்டியில் இருப்பதை இருப்பபடியே ஒட்டி, நல்ல பெயின்ட் அடித்து, ரசித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இவர்களைக் கண்டால் எரிச்சல். பொழுதுபோக்கைப் பரீட்சையாக்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கூரையை அறுத்துப் போட்ட நிலையில் பத்து வருடமாகப் பெட்டியில் தூங்கும் கார்களின் எண்ணிக்கையைக் கேட்டால் ரிவெட் எண்ணுகிறவர்கள் மழுப்புவார்கள். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் கம்பெனிகள் எதையும் திருத்தியிருக்காது என்பதும் உண்மை.

அண்மைக் காலத்தில் சண்டை புதிய திசையில் திரும்பியிருக்கிறது. ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்கள் இன்று இந்தியானா மாகாணத்தின் ரவுண்ட் 2 நிறுவனத்திடம் இருக்கின்றன. மூல அச்சு அழிந்துபோன பழைய கிட்களை அந்நிறுவனம் புதிய அச்சில் மறுபடி உயிர்ப்பித்து வருகிறது. 60களில் தொலைந்த பொருள் பெட்டிப் படம் உட்படத் திரும்பக் கிடைக்கிறது. விலை மட்டும் 30, 40 டாலர். கேள்வி இதுதான்: பழைய கிட்டில் இருந்த தவறை என்ன செய்வது? கம்ப்யூட்டரில் திருத்துவது ஒரு நாள் வேலை. திருத்தினால் அது உண்மையான காருக்கு நெருங்கும், ஆனால் 1965-ல் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கிட்டாக இருக்காது. வாங்குகிறவர்களில் ஒரு சாராருக்குத் தேவை கார் அல்ல. அந்தப் பெட்டி, அந்தப் பாகங்கள், அந்தப் பிசகு. அவர்களைப் பொறுத்தவரை கோணலான கிரில்தான் அசல்.

லேசர் ஸ்கேன் வந்த பிறகு அளவெடுப்பது பிரச்சினையே இல்லை. பென்ட்லி கம்பெனியே 1929-ம் வருடத்துத் தன் பந்தயக் காரைக் கழற்றி, பாகம் பாகமாக ஸ்கேன் செய்து, அதே போல 12 கார்களைப் புதிதாகத் தயாரித்தது. அதே ரக பென்ட்லியை 12-ல் ஒரு பங்கு அளவில் 1971-ல் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக்கில் செய்தபோது இந்த வசதியெல்லாம் கிடையாது. இன்று வீட்டிலேயே 3டி பிரின்டர் வைத்திருப்பவர் சரியான சக்கரத்தையும் கிரில்லையும் ராத்திரியில் அச்சிட்டுக் காலையில் எடுத்துக்கொள்கிறார். ரெசினில் பாகங்கள் வார்த்து விற்ற கொட்டகைத் தொழில்களுக்கு இதனால் அடி. ரப்பர் அச்சில் கையால் ஊற்றி, தொலைந்த வருடத்து மாடல்களை முப்பது நாற்பது வருடம் உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். பலர் வயதாகிக் கடையை மூடிவிட்டார்கள்.

வயதுதான் இந்த உலகத்தின் பெரிய கவலை. மாடல் கண்காட்சிகளில் நரைத்த தலைகளே அதிகம். 1957 செவர்லேயின் கூரை எப்படி இருக்க வேண்டும் என்று அளவுகோல் இல்லாமல் சொல்லக்கூடியவர்கள், அதன் பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்கள். அடுத்த தலைமுறை அந்தக் காரைப் பார்ப்பதே பளபளப்பாகப் புதுப்பித்த நிலையில், கயிறு கட்டிய மேடையில். கம்பெனியிலிருந்து வந்தபோது அந்தக் கார்களின் பெயின்ட் அத்தனை வழுவழுப்பாக இருந்ததில்லை, கதவு இடைவெளியும் ஒரே சீராக இருந்ததில்லை. இதையும் மாடலில் காட்ட வேண்டுமா என்று கேட்கும் ரிவெட் எண்ணிகளும் இருக்கிறார்கள்.

டர்பைன் கார் கிட் செய்த ஜோ-ஹான் இன்று இல்லை. அதன் அச்சுகள் கைமாறிச் சிதறின. பிரிக்காத பழைய கிட்களைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். எந்தக் கம்பெனியின் பழைய கிட்டானாலும் கண்ணாடித்தாள் உறை கிழியாமல் இருந்தால் விலை அதிகம். பிரித்து ஒரு பாகத்தை ஒட்டிவிட்டால் சரிந்துவிடும். அதனால் பலர் பிரிப்பதில்லை. அதற்குள் இன்னொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்து வினைல் டயர்களில் மென்மைக்காகச் சேர்த்த ரசாயனம் மெல்ல வெளியே கசிந்து, படும் இடத்திலெல்லாம் பாலிஸ்டைரீனை உருக்குகிறது. விஷயம் தெரிந்தவர்கள் கிட் வாங்கிய அன்றே பெட்டியைப் பிரித்து, டயர்களைத் தனிப் பையில் போட்டுவிடுகிறார்கள். பிரிக்காதவர்களின் அலமாரியில், விலை ஏறிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள், நான்கு டயர்களும் முன்கண்ணாடி மேல் சாய்ந்தபடி அதைத் தின்றுகொண்டிருக்கக்கூடும்.